எல்லைக் கல்லோடு வரும் ஐயாமாருக்கு

வணக்கம் ஐயா. வன இலாகாவில் இருந்து போன மாதம் வவுனியா வடக்கில், நெடுங்கேணிப் பக்கம் எங்கள் ஊருக்குள் வந்து எல்லைக் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் காடு, இனி ஒருவரும் கத்தி வைக்கக்கூடாது என்றும் சொன்னீர்களாம். காடுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. 1984 டிசம்பரில் உடுத்த துணியோடு வெளிக்கிட்ட சனம், 2009இல் சண்டை முடிந்த கையோடு திரும்பி வர விட்டார்களா என்ன? இத்தனை வருசம் ஆளில்லாத வளவில் பற்றை வளராமல் வேறு என்ன வளரும்?

ஆனால் நீங்கள் கல் நட்ட இடம் எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை ஒழுங்கை. நம்பாவிட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள், இரண்டு பக்கமும் பூவரசும் கிளுவையும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அவை வேலிக்கு நட்ட கதியால்கள். வெட்ட ஆளில்லாமல் மரமாகிவிட்டன. எந்தக் காடு ஐயா நடுவில் மாட்டு வண்டில் போக இடம் விட்டு இரண்டு வரிசையாக முளைக்கும்? அப்படியே குளக்கட்டுப் பக்கம் நடந்தால் பள்ளிக்கூடத்தின் அத்திவாரம், அதற்குள் ஒரு வீரை. கூரை ஓடும் மரமும் எப்போதோ போய்விட்டன (யார் கழற்றினார்கள் என்று பேசத் தொடங்கினால் விடிந்துவிடும்). தென்னைகளை யானை முடித்துவிட்டது. புளிகள் நிற்கின்றன. புளியைக் கண்டால் பக்கத்தில் ஒரு வீட்டுக் கிணறு இருக்கும், காலைப் பார்த்து வையுங்கள், கட்டு இடிந்து உண்ணிச்செடி மூடிக் கிடக்கிறது, போன வருசம் ஒரு மாடு விழுந்தது.

காகிதம் எங்கே என்கிறீர்கள். எங்கள் காணிகளில் பாதிக்கு மேல் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வந்தவை. அந்தப் பத்திரங்கள் ட்ரங்குப் பெட்டியோடு இடம் இடமாக அலைந்து கடைசியில் முள்ளிவாய்க்காலில் போய்விட்டன. சரி, எங்களிடம் இல்லை. பிரதேச செயலகத்தில் பேரேடும் கமநல சேவை நிலையத்தில் வயல் இடாப்பும் இருக்க வேண்டுமே? மைலுக்கு ஒரு அங்குலம் என்று அரசாங்கமே கீறிய பழைய வரைபடத்தை விரித்துப் பாருங்களேன். அலுமாரி உங்கள் பக்கம் இருக்க, காகிதத்துக்கு நாங்கள் அலைய வேண்டுமா?

காட்டைக் காக்க வேண்டாம் என்று யார் சொன்னது? இரவில் முதிரைக் குற்றி ஏற்றிப் போகும் லொறியை மறித்தால் முதலில் கும்பிடுவது நாங்கள்தான்.

அடுத்த கல்லை நடுவதற்கு முன் ஒரு நாள் என் பெரியம்மாவோடு நடந்து வாருங்கள். 76 வயது, முழங்கால் சரியில்லை, ஆனால் எந்தப் படலை யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வா. மாரிக்கு முன் வந்தால் நல்லது, மழை பிடித்தால் குளத்து வான் பாய்ந்து வழி மூடிவிடும். கத்தி நாங்கள் கொண்டுவரக்கூடாதாமே, அதனால் நீங்களே ஒன்று எடுத்து வாருங்கள்.