ஐந்து பேரும் கூடும் ஞாயிறுக்காகக் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பலகை விளையாட்டுகளைப் பற்றி வெளியான கட்டுரை, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு வந்ததும், வாங்கி வைப்பவர்கள் அதிகம், விளையாடுபவர்கள் குறைவு என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. வரி உண்மைதான். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், ஆசையோடு புத்தகம் வாங்கிய கல்லூரி மாணவர் தன்னிடம்தான் குறை என்று எண்ணிக்கொள்வார்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கேம் மாஸ்டர் எனப்படும் ஒருவர் உலகத்தையும் அதில் நடப்பதையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை உருளும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட வடிவம் சாராம்சத்தில் இன்றும் இதுவே.

விளையாட முடியாமல் போனவர்கள் முதலில் குறை சொல்வது விதிகளை. 2014இல் வந்த 5ஆம் பதிப்பின் மூன்று அடிப்படைப் புத்தகங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ ஆயிரம் பக்கம், மலைப்பு இயல்பு. ஆனால் முதல் நாள் மேசையில் உட்காருபவர் அறிய வேண்டியது அரைப் பக்கம்கூட இல்லை. இருபது முகப் பகடையை உருட்டு, உன் பாத்திரத் தாளில் அந்தத் திறனுக்கு நேரே குறித்த கூட்டெண்ணைச் சேர்; எளிய காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. சண்டை, மந்திரம் எல்லாம் இதன் மேல் கட்டியவை. அவற்றைக் கேம் மாஸ்டர் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையான தடை நாட்காட்டி. கணக்குப் போட்டால் புரியும். ஒரு கேம் மாஸ்டர், நான்கு ஆட்டக்காரர்கள் என ஐவர் குழு. ஒவ்வொருவரும் ஐந்து ஞாயிறுகளில் நான்குக்கு வந்துவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். இதுவே நல்ல குழு. அப்படியிருந்தும் ஐவரும் ஒரே ஞாயிறு கூடும் வாய்ப்பு நூற்றுக்கு 33தான். மூன்றில் இரண்டு வாரம் ஆட்டம் ரத்து. இரண்டு முறை தொடர்ந்து ரத்தானால் ஆட்கள் ஞாயிறுக்கு வேறு வேலை ஒப்புக்கொள்ளத் தொடங்குவார்கள். ஐந்தில் நான்கு என்பது ஐந்தில் மூன்றாக இறங்கினால் ஐவரும் கூடும் வாய்ப்பு நூற்றுக்கு 8. குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நின்றுபோகும்.

இப்போது ஒரே ஒரு விதியை மாற்றிப் பாருங்கள்: கேம் மாஸ்டரோடு குறைந்தது மூன்று ஆட்டக்காரர்கள் வந்தால் ஆட்டம் உண்டு. வாய்ப்பு 33இலிருந்து 66 ஆகிறது. கேம் மாஸ்டரே தேவைப்படாத விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, ஐவரில் யாரேனும் மூவர் வந்தால் போதும் என்று வைத்தால் 94. ஆள் மாறவில்லை, ஆர்வம் கூடவில்லை; விதி மட்டுமே மாறியது. ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. முகூர்த்த ஞாயிறு, பண்டிகை, தேர்வு மாதம் என்றால் எல்லோரும் சேர்ந்தே காணாமல் போவார்கள். அந்த நாட்களை முன்கூட்டியே காலண்டரில் அடித்துவிட வேண்டும். மிச்சமுள்ள நாட்களில் "யாருக்கு எப்போது வசதி?" என்று கேட்கவே கூடாது. இரண்டாம் ஞாயிறு, மாலை 4 முதல் 7 வரை என்று ஒன்றை நிறுத்திவிட்டு, வருபவரை வைத்து ஆட வேண்டும்.

வருபவரை வைத்து ஆடுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு செஷனும், அதாவது ஒருநாள் ஆட்டமும், கதையில் வரும் ஊருக்குள் தொடங்கி அதே ஊருக்குள் முடிய வேண்டும். குகைக்குள் சண்டையின் நடுவே நிறுத்திவிட்டுப் போனால், அடுத்த முறை வராதவரின் பாத்திரத்தை என்ன செய்வது என்பதிலேயே அரை மணி நேரம் போகும். முடிவதற்கு முப்பது நிமிடம் முன்னால் கேம் மாஸ்டர் கதையைத் திருப்பி ஊருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். விளையாட்டு வடிவமைப்பாளர் பென் ராபின்ஸ் நடத்திக் காட்டிய ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ முறையின் அடிப்படை இதுதான்.

அடுத்து, எந்த விளையாட்டு என்பது. ஆசை பெரும்பாலும் மிக நீளமானவற்றின் மேல்தான் விழுகிறது. கிரெக் ஸ்டாஃபர்டின் ‘பென்ட்ராகன்’ விளையாட்டுக்கான பெரும் கேம்பெயின், அதாவது பல செஷன்களாக நீளும் தொடர்கதை, ஆர்தர் மன்னர் காலத்துக் கதையைக் கி.பி. 485இலிருந்து 566 வரை கொண்டுபோகிறது. ஒரு செஷனுக்கு ஓர் ஆண்டு என்பது அதன் நடை. மாதம் ஒருமுறை கூடினால் ஏறக்குறைய ஏழு ஆண்டு ஆகும். அற்புதமான படைப்பு, முதல் விளையாட்டாக எடுக்கத் தகாதது. அதன் மேல்தான் ஆசை என்றால், தயார் செய்த நான்கு வீரர்களோடு ஒரே ஓர் ஆண்டை மட்டும் ஒரு மாலையில் ஆடுங்கள். அது தனியாகவே நிறைவு தரும்.

முதலில் எடுக்க வேண்டியது ஒன்-ஷாட், அதாவது ஒரே நாளில் முடிவது. ஜேசன் மார்னிங்ஸ்டார் 2009இல் வெளியிட்ட ‘ஃபியாஸ்கோ’வை நான் முதலில் வைப்பேன். மூன்று முதல் ஐந்து பேர், கேம் மாஸ்டர் இல்லை, முன்தயாரிப்பு இல்லை. ஆளுக்கு நான்கு சாதாரண ஆறுமுகப் பகடை, அவற்றில் இரண்டு வெள்ளை, இரண்டு கறுப்பு. பேராசையும் அரைகுறைத் திட்டமும் கொண்ட மனிதர்கள் மாட்டிக்கொள்ளும் கதை. இதில் தவறு நேரும் இடம் நேரம். ஆளுக்கு நான்கு காட்சி என்பதால் மூவர் என்றால் 12, ஐவர் என்றால் 20 காட்சிகள். காட்சிக்கு எட்டு நிமிடம் போனால் மூவருக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும், ஐவருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வேண்டும். அமைப்புக்கும் இடைவேளைக்கும் தனியாக. ஐவர் வந்துவிட்டால் காட்சிக்கு ஆறு நிமிடம் என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவெரி ஆல்டரின் ‘தி கொயட் இயர்’ இரண்டு முதல் நான்கு பேருக்கானது. ஒரு சீட்டுக்கட்டும் பெரிய வெள்ளைத் தாளும் வேண்டும். சீட்டு ஒன்றுக்கு ஒரு வாரம் என ஒரு சமூகத்தின் ஓராண்டை வரைபடமாக வரைந்துகொண்டே போவது. இஸ்பேடு ராஜா வந்தால் ஆட்டம் முடிந்தது. முழுக்கட்டும் போட்டால் நான்கு மணி நேரம் வரை இழுக்கும். நேரம் குறைவு என்றால் ஒவ்வொரு ஜாதியிலும் நான்கு சீட்டை எடுத்துவிட்டு ஆடலாம், இஸ்பேடு ராஜாவை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பேச்சுக் கூச்சம் உள்ளவர்களுக்கு இது மிகவும் பொருத்தம், ஏனென்றால் பாத்திரமாக நடிக்கவே தேவையில்லை.

‘டென் கேண்டில்ஸ்’ பலர் ஏங்கும் ஒன்று. இருட்டறை, பத்துச் சிறு மெழுகுவத்திகள், ஒவ்வொன்றாக அணையும் வெளிச்சம். முடிவில் எந்தப் பாத்திரமும் பிழைக்காது. இதை மின்விசிறி சுழலும் அறையில் ஆட முடியாது. மெழுகுவத்தி தற்செயலாக அணைந்தாலும் காட்சி முடிந்தது, மீண்டும் ஏற்றக் கூடாது என்பதே விதி. அதனால் மின்விசிறி இல்லாமல் உட்காரக்கூடிய மார்கழி, தை இரவுகளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. பாத்திரக் குணங்களை எழுதிய சீட்டுகளை ஆட்டத்தின்போது நிஜமாகவே எரிப்பார்கள். தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் பாத்திரம் மேசை நடுவில் கட்டாயம்.

இவ்வளவுக்கும் ஆளே கிடைக்காதவர், ஷான் டாம்கின் 2018இல் இலவசமாக வெளியிட்ட ‘அயர்ன்ஸ்வோர்ன்’ விளையாட்டைத் தனியாகவே ஆடலாம்.

நான்கு முகம் முதல் இருபது முகம் வரை இந்த விளையாட்டுகள் கேட்கும் விதவிதமான பகடைகள் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு ஆறுமுகப் பகடையும் ஒரு நாணயமும் ஒரு தாயக்கட்டையும் வீட்டில் இருந்தால் போதும். ஒரே ஜாதியில் ஏஸ் முதல் 10 வரை எடுத்து ஒவ்வொரு முறையும் நன்றாகக் கலைத்து ஒன்றை உருவினால் அது பத்துமுகப் பகடை. அதோடு ஆறுமுகப் பகடையை உருட்டி, 1 முதல் 3 வந்தால் சீட்டின் எண் அப்படியே, 4 முதல் 6 வந்தால் பத்தைக் கூட்டு. இருபது முகமும் சம வாய்ப்போடு கிடைக்கும். பன்னிரண்டு முகத்துக்கு ஆறுமுகப் பகடையும் ஒரு நாணயமும்: தலை விழுந்தால் ஆறைக் கூட்டு. நான்கு முகத்துக்கு ஒற்றைத் தாயக்கட்டையே இருக்கிறது. வெறும் முகத்தை நான்கு என்று கொள்ளலாம். எட்டு முகத்துக்கு அதே தாயக்கட்டையோடு நாணயம், தலைக்கு நான்கைக் கூட்டு. இரண்டு பகடைகளைக் கூட்டிப் பன்னிரண்டாக்குவது மட்டும் கூடாது: 1 வரவே வராது, 7 மிக அதிகமாக வரும், விளையாட்டின் சமநிலை கெடும்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவதானால், முதல் நாளில் பாத்திரம் உருவாக்க உட்காருவதையும் தவிர்க்க வேண்டும். புதியவர் நால்வர் அதைத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் போய்விடும், கதை தொடங்கவே தொடங்காது. 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களையும் ஆறு திறன்களுக்குப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய கூட்டெண்ணையும் குறித்துத் தயாரித்த பாத்திரங்களைக் கேம் மாஸ்டர் ஒன்றிரண்டு கூடுதலாகவே கொண்டுவர வேண்டும். ஆட்டக்காரர் தன் பாத்திரத்துக்கு ஒரு பெயரும் ஒரு ஆசையும் மட்டும் எழுதினால் போதும்.

மொழியும் தடையாக வேண்டியதில்லை. விதிநூலை ஒருவர் ஆங்கிலத்தில் படித்தால் போதும். மேசையில் தமிழிலேயே பேசலாம். மேலும், 2023 ஜனவரியில் 5ஆம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதைத் தமிழாக்கி அச்சிடவும் விற்கவும்கூட யாரிடமும் தனி அனுமதி பெறத் தேவையில்லை. மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டு, மொழிபெயர்ப்பு என்று சொன்னால் போதும்.

ஆகவே ஒரு கோரிக்கை. கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு ஞாயிறு இணைப்பில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேல் பாதியில் 10, 15, 20 என்ற விதி. கீழ்ப் பாதியில் எண்கள் நிரப்பிய ஐந்து பாத்திரங்கள், கத்தரித்து எடுக்கும்படி கட்டம் போட்டு. மறு வாரம் ஒரு கிராமம், காணாமல் போன ஓர் ஆள், தேடிப் போக மூன்று இடங்கள் என்று மூன்று மணி நேரத்தில் முடியும் கதை. இரண்டையும் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கேம் மாஸ்டர்,
திருச்சி.