கேட்டதை எழுதுங்கள்: ராக் ஆல்பங்களைத் தமிழில் விமர்சிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ராக் ஆல்பங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மிகச் சிலர். அதனாலேயே நீங்கள் எழுதுவதை ஒன்று விடாமல் தேடிப் படிக்கிறேன். படித்து முடித்ததும் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சென்ற வாரம் ஒரு கட்டுரையில் குழுவின் பெயரையும் ஆல்பத்தின் பெயரையும் விரலால் மறைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். "காலத்தை வென்ற படைப்பு", "ராக் வரலாற்றின் மைல்கல்", "கேட்கும்போதே மெய்சிலிர்க்கிறது", விற்ற பிரதிகளின் எண்ணிக்கை, குழுவுக்குள் நடந்த சண்டை, கடைசியில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். விரலுக்குக் கீழே எந்த ஆல்பம் இருந்தாலும் அந்தக் கட்டுரை பொருந்தியிருக்கும். முதல் வரி முதல் கடைசி வரி வரை அதில் ஓர் ஒலிகூட இல்லை. எழுதியவர் ஆல்பத்தைக் கேட்டாரா, அல்லது அதைப் பற்றிப் படித்தாரா என்றே எனக்கு விளங்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் காதில் விழுந்ததை எழுதுங்கள்.

1970 பிப்ரவரியில் வெளிவந்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பத்தைப் பாருங்கள். முதலில் மழை பெய்கிறது. தூரத்தில் ஒரு மணி அடிக்கிறது. பிறகு கிதார் மூன்றே சுரங்களை வாசிக்கிறது: கீழே ஷட்ஜம் (ச), மேலே அதே ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதிமத்யமம் (உயர்ந்த ம). அவ்வளவுதான். கல்யாணி ராகத்தில் ஒளியாக விரிகிற அதே சுரம் இங்கே காந்தாரமும் நிஷாதமும் துணைக்கு இல்லாமல் தனித்து நிற்கிறது. கேட்கிறவனுக்கு அடிவயிறு கலங்குகிறது. "இருண்ட இசை" என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள்; அந்த இருட்டு எந்தச் சுரத்தில் குடியிருக்கிறது என்று எழுத ஆள் இல்லை. நமக்கு ஷட்ஜமும் மத்யமமும் சாபு தாளமும் கைவசம் இருக்கின்றன. ஆங்கில விமர்சகர் ஒருவர் இரண்டு வாக்கியங்களில் விளக்க வேண்டியதை நீங்கள் ஒரு சொல்லில் சொல்லலாம். அந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு ஏன் "மெய்சிலிர்க்கிறது" என்று எழுதுகிறீர்கள்?

அந்தக் கிதாரை வாசித்த டோனி அயோமி பர்மிங்ஹாமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி, வலது கையில் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர். தந்தியை அழுத்துகிற கை அந்த வலது கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார், பிறகு தந்திகளின் சுருதியையே இறக்கிக்கொண்டார். இந்தக் கதை எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது, ஆனால் இரக்கம் வரவழைக்கிற கதையாக மட்டுமே வருகிறது. 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். தளர்ந்த தந்தி அடி வாங்கியதும் ஒரு கணம் ஆடி அசைந்து கனத்து விழுவது கேட்கும். கதையை அந்த ஒலியோடு சேர்த்துச் சொன்னால் அது விமர்சனத்துக்குள் வரலாம். இல்லாவிட்டால் அது வெறும் வம்புப் பேச்சு.

பிடிக்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். அதற்கும் இதே விதிதான். அந்த முதல் ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் இதழில் விமர்சித்த லெஸ்டர் பேங்ஸ், கிரீம் குழுவைப் போலவே இருக்கிறது, ஆனால் அதைவிட மோசம் என்ற பொருளில் தள்ளிவிட்டார். இன்று அதைப் படித்தால் கிரீம் குழுவைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதுதான் தெரிகிறது. மழையும் மணியும் அந்த மூன்று சுரங்களும் ஒப்பீட்டின் அடியில் புதைந்துவிட்டன. இரண்டே ஆண்டுகளில் அதே பேங்ஸ் அதே குழுவை மதித்து நீண்ட கட்டுரை எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். மனம் மாறியதை வெளிப்படையாக எழுதுவதற்கு நேர்மை வேண்டும், அது அவரிடம் இருந்தது.

இன்னொரு விமர்சகரான ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் வேறு மாதிரி. 1967 ஜூனில் உலகமே பீட்டில்ஸ் குழுவின் சார்ஜண்ட் பெப்பர் ஆல்பத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, நியூயார்க் டைம்ஸில் அவர் அதை செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளைக்கு ஒப்பிட்டார். கொம்புகளும் யாழும் எதிரொலியும் ஒலி வித்தைகளும் சேர்ந்து பாடல்களை மூடிவிட்டன என்பது அவர் வாதம். வாசகர்கள் கொதித்தார்கள். எனக்கும் அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஆனால் அவர் எதைக் கேட்டு அந்த முடிவுக்கு வந்தார் என்று தெரிகிறது. ஆல்பத்தைத் திரும்பப் போட்டு அவரோடு சண்டை போட முடிகிறது. அதே கட்டுரையில் கடைசிப் பாடலான 'எ டே இன் த லைஃப்'-ஐ அவர் மனமாரப் பாராட்டவும் செய்தார். ஐந்து நட்சத்திரம் போட்ட கட்டுரையோடு யாரும் சண்டை போட முடியாது. பிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இருக்காது.

அந்தப் பாடலைச் சொன்னதும் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. எண்பதுகளில், கேசட்டில் பதிவு செய்து தரும் கடையொன்றில் சார்ஜண்ட் பெப்பரை வாங்கினேன். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில் வலப்பக்க ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்தது. பாடல் தொடங்கும்போது கிதாரும் தாளமும் அருகில் கேட்கும். அதைப் பாடிய ஜான் லெனனின் குரலோ எங்கோ தொலைவில் இருந்து, பாட்டு வளர வளர மெல்ல நெருங்கி வரும். மரணச் செய்தியைப் படிக்கிற குரலை அப்படித் தொலைவில் வைத்தது எவ்வளவு பெரிய கற்பனை என்று நண்பர்களிடம் மூன்று ஆண்டுகள் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு நல்ல கருவி ஒன்றில் கேட்டேன். ஒலியை இடம், வலம் என்று பிரித்துத் தரும் அந்த ஸ்டீரியோ கலவையில் குரல் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் நகர்கிறது, அவ்வளவுதான். இன்னும் பின்னால்தான், பீட்டில்ஸ் கூடவே இருந்து கவனமாகச் செய்தது ஒலியைப் பிரிக்காத மோனோ கலவை என்பதும், ஸ்டீரியோ அவர்கள் இல்லாமல் விரைவாக முடிக்கப்பட்டது என்பதும் தெரியவந்தது. மோனோவில் குரல் எங்கும் நகர்வதில்லை. எனவே எந்தப் பதிப்பை, எந்தக் கருவியில் கேட்டீர்கள் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதுங்கள். இதை அற்ப விஷயமாக நினைக்காதீர்கள். சில நேரம் நாம் இருவரும் பேசிக்கொண்டிருப்பது இரண்டு வெவ்வேறு ஆல்பங்களைப் பற்றி.

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோலிங் ஸ்டோனின் 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003-இல் சார்ஜண்ட் பெப்பர் முதலிடம், 2020-இல் 24-ஆம் இடம். இடைப்பட்ட காலத்தில் ஆல்பத்தில் ஒரு சுரமும் மாறவில்லை.

வாசித்த கைகளையும் பாடிய தொண்டைகளையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இதில் நமக்குத் தனிப் பொறுப்பே இருக்கிறது. சார்ஜண்ட் பெப்பரில் ஹாரிசன் எழுதிய இந்தியப் பாணிப் பாடலில் பீட்டில்ஸ் குழுவிலிருந்து அவர் ஒருவர்தான் இருக்கிறார். தில்ரூபாவும் தபலாவும் வாசித்த லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்களின் பெயர் உறையில் இடம்பெறவே இல்லை. லெட் செப்பலினின் நான்காம் ஆல்பத்தில் கடைசிப் பாடலின் டிரம்ஸை எல்லோரும் வியக்கிறார்கள். ஜான் போனம் அதை ஒரு பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் வாசிக்க, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார். அந்த முழக்கத்தில் பாதி அந்தக் கூடத்தின் சுவர்களுடையது. பாட்டு மூலத்தில் 1929-இல் மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தது, மிசிசிப்பியின் 1927 வெள்ளத்தைப் பற்றியது.

பிங்க் ஃபிளாய்டின் 1973 ஆல்பமான 'த டார்க் சைடு ஆஃப் த மூன்' பற்றி உங்களில் மூவர் எழுதியதைப் படித்தேன். 'மணி' (Money, பணம்) என்ற பாடல் ஏழு எண்ணிக்கையில் ஓடுவதையும், சாக்ஸபோன் அந்த ஏழிலேயே வாசித்து முடித்த பிறகு கிதார் நான்குக்கு மாறுவதையும் மூவருமே சொல்லவில்லை. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் போட்டுப் பழகிய கைக்கு அந்த இடம் உடனே தட்டுப்படும். மூவருமே கிளேர் டோரியின் பெயரையும் எழுதவில்லை. இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசியில், ஒரு சொல்கூட இல்லாமல், பியானோ இசைக்கு மேலே குரலை ஏற்றிப் பாடுகிற பெண் அவர்தான். அன்று அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004-இல் வழக்குப் போட்டு, மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்ட பிறகுதான் இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயர் சேர்ந்தது. உடன்பாட்டில் ஏற்றுக்கொண்ட பெயரை நம் கட்டுரைகள் விட்டுவிடலாமா?

டோரி பாடிய அந்தப் பாட்டில் ஓர் இடம் இருக்கிறது. உச்சியில் கதறிய குரல் சட்டென்று தணிந்து, மூச்சும் முனகலுமாகப் பியானோவோடு இறங்கி வரும். பல ஆண்டுகளாகக் கேட்கிறேன். அழுது ஓய்ந்த குரலா, அடங்கிச் சம்மதித்த குரலா, எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது அதை எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்