பசை டப்பாவோடு ஒரு கடிதம்

தாராவி, மும்பை
ஜூலை மாதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். இங்கே ஒரு வாரமாக விடாத மழை. தைத்து முடித்த பைகளைப் பாலிதீனில் சுற்றிப் பட்டறைப் பரணில் ஏற்றிவைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. செருப்பு வார் பிய்ந்தது, சூப்பர் குளூ டியூப் வாயடைத்துக் கிடந்தது, ஊசியால் குடைந்து அழுத்தினேன், பக்கவாட்டில் வெடித்து விரல்கள் ஒட்டிக்கொண்டன என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லையம்மா. கண்ணில் தெறித்திருந்தால்? இனி அடைத்துக்கொண்ட டியூபை அழுத்தாதே, தூக்கிப் போட்டுவிடு. விரல் ஒட்டினால் பிய்க்காதே. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரித்தெடு.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே பசையைத் தொட்டுப் பிழைப்பவன் நான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காமல் உன்னைத் தில்லிக்கு ரயில் ஏற்றிவிட்டேன். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊரில் உன் தாத்தா மர வேலைக்கு வச்சிரம் காய்ச்சுவார். மாட்டுத்தோலும் எலும்பும் கொதித்து வரும் பசை. வாடை தெருக்கோடி வரை வரும். ஆனால் இறுகிப்போனாலும் கவலையில்லை, தண்ணீர் விட்டுச் சுடவைத்தால் மறுபடி இளகிவிடும். இன்றைய பசைகளுக்கு அந்த மறுபிறவி கிடையாது.

சூப்பர் குளூவைக் கெடுப்பது ஈரம். காற்றில் இருக்கும் துளி ஈரமே அதை இறுக்கிவிடும், அதனால்தான் நொடியில் ஒட்டுகிறது. வேலை முடிந்ததும் டியூபை நேராக நிமிர்த்தி அடிப்பக்கத்தை மேசையில் இரண்டு தட்டு தட்டு. மூக்கில் நிற்கும் பசை கீழே இறங்கிவிடும். நுனியைப் பாலிதீன் துண்டால் துடைத்து மூடு. பஞ்சும் பருத்தித் துணியும் வேண்டாம், அந்தப் பசை அவற்றில் நிறையப் பட்டால் கை பொசுங்குமளவு சூடாகிவிடும்.

பிறகு காற்றுப் புகாத டப்பாவில் நிற்க வைத்துவிடு. ஈரத்தை உறிஞ்ச நாங்கள் தோல் பைக்குள் போடுவோமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் ஆறு இந்த பார்சலில் வைத்திருக்கிறேன். டப்பாவுக்கு இரண்டு போதும். மழைக்காலத்தில் அவ்வப்போது மாற்று. பிரிக்காத டியூப் என்றால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்ததும் திறந்துவிடாதே. குளிர்ந்த டியூபில் பனி பூக்கும், அந்த ஈரமே போதும் அதைக் கெடுக்க. ஒரு மணி நேரம் வெளியே கிடக்கட்டும்.

நாம் ஃபெவிகால் என்று சொல்லும் வெள்ளைப் பசைக்கு எல்லாம் நேர்மாறு. அதிலுள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது காயும். எங்கள் மழை அதற்குச் சுகம், உங்கள் மே மாத அனல்காற்றுதான் ஆகாது. போன மே மாதம் உன் அறை ஜன்னலில் அந்தப் பாட்டில் மூடி அரைகுறையாகக் கிடந்ததைப் பார்த்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாய்ப்பகுதியை ஈரத்துணியால் துடைத்து, மரைகளில் துளி வாசலின் தடவி மூடு, மூடி ஒட்டிக்கொள்ளாது. சற்றுக் கெட்டியாகியிருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். முழுக்க இறுகியதை விட்டுவிடு.

இரண்டு டியூபாக வருகிற பசையில் மூடிகளை மாற்றிப் போடாதே. ஒன்றின் மிச்சம் மற்றதில் பட்டால் இரண்டும் கலந்து இறுகிவிடும், மூடி பிறகு திறக்காது.

செருப்புக்கு ஏற்றது நாங்கள் பட்டறையில் பூசும் ரப்பர் சொல்யூஷன்தான். ஆனாலும் அதை நான் அனுப்பவில்லை. அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், உன் அறையிலோ கேஸ் அடுப்பும் கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். அந்தச் செருப்பைத் தெருமுனையில் இருக்கும் தொழிலாளியிடம் கொடுத்து ஒட்டித் தைத்துக்கொள்.

பார்சலில் பொட்டலங்களோடு அம்மாவின் பழைய மூடி டப்பாவும் இருக்கிறது, ரப்பர் வளையம் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. உன் செருப்பின் அளவு 6 தானே? எழுது. தோல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா