செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷமும் ஸ்க்ரூ புராணம்தான்

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், போட்டி முடிவுகள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது, ரேஞ்ச் கூரை ஒழுகலும் ஒருவழியாக அடைபட்டது. அதனால் குழுக் கூட்டங்களில் பாதி நேரத்தை விழுங்கிய விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன்: உதிரிபாகம். விரல்நுனி அளவு ஸ்க்ரூ, காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங், இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர், இவ்வளவுதான். இவை இல்லாமல் லட்ச ரூபாய் ரைஃபிள் பெட்டிக்குள் தூங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளைவிட கூரியரும் சுங்கமும் அதிகம். அதுவும் பார்சல் மேல் துப்பாக்கி பாகம் என்று எழுதியிருந்தால் எப்போது கைக்கு வரும் என்று ஜோசியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நாம் இருப்பது கோவை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பம்புக்கும் மோட்டாருக்கும் கடைந்து பழகிய லேத்துகள் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. "ஒரே ஒரு பீஸ்" என்றதும்தான் பட்டறைக்காரர் முகம் சுருங்கும், அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஒன்று கடைந்தாலும் ஐம்பது கடைந்தாலும் மிஷின் செட் பண்ண ஆகிற நேரம் அதேதான். எனவே இந்த வருஷம் ஆளாளுக்கு ஓடுவதை நிறுத்தி, எல்லோர் தேவையையும் சேர்த்து ஒரே ஆர்டராகக் கொடுத்தோம். தோளில் பதியும் பட் பிளேட்டுக்கு ஸ்பேசர், முன்கையைத் தாங்கும் ஹேண்ட்ஸ்டாப்புக்கு போல்ட், பேரலில் (குழலில்) மாட்டும் பித்தளை எடை எல்லாம் நன்றாகவே வந்தன. எடை கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு மொத்த வரம்பு 5.5 கிலோ, குறிபார்க்கும் சைட்டையும் சேர்த்து. மாட்டியபின் தராசில் வைத்துப் பாருங்கள், போட்டியன்று துப்பாக்கியைச் சோதிக்கும் கன்ட்ரோலில் போய் வாதாடாதீர்கள்.

பட்டறைக்கு சாம்பிளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அளவு போட்ட படமும் வேண்டும். தேய்ந்துபோன போல்ட்டைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே அச்சாகக் கடைந்து கொடுப்பார்கள். படம் மட்டும் இருந்தாலும் போதாது. சைட்டை மாட்டும் ரெயில் 11 மி.மீ. என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? அந்த ரெயிலின் சரிவான விளிம்பு, அதாவது டவ்டெயிலின் சரிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ரைஃபிளையே எடுத்துப் போய் மாட்டிப் பார்க்காமல் சைட்டை உயர்த்தும் ரைசர் பிளாக் செய்யக் கூடாது.

மூத்த உறுப்பினர் ஒருவரின் பழைய இங்கிலாந்து ஸ்பிரிங் ரைஃபிள் கதையைச் சொல்லியாக வேண்டும். கட்டையைப் பிடிக்கும் ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. கடையில் M5, அதாவது 5 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூ, வாங்கி முடுக்கப் பார்த்திருக்கிறார், அரைச் சுற்றிலேயே இறுகிவிட்டது. நல்லவேளை, அதோடு நிறுத்திவிட்டு பட்டறைக்கு வந்தார். லேத் ஓட்டும் டர்னர் அண்ணன் பக்கத்துத் துளையில் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, மரைகளின் இடைவெளியை (பிட்ச்) அளக்கும் பிட்ச் கேஜில் வைத்தார், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், "ஏனுங்க சார், இது மில்லிமீட்டர் மரை இல்லீங்க" என்றார். பழைய இங்கிலாந்து மரை அளவான 2 பி.ஏ.! வெளிவிட்டம் 4.7 மி.மீ., பிட்ச் 0.81. M5-ன் பிட்ச் 0.8, அதனால் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் விட்டம் பெரிது, மரையின் கோணமும் 60 டிகிரிக்குப் பதில் 47.5. பலவந்தமாக முடுக்கியிருந்தால் ரைஃபிளின் உடலான ரிசீவரின் மரை போயிருக்கும். மரை வெட்டும் பழைய டை ஒன்றைத் தேடிப் பிடித்து, ஸ்டீல் ராடில் வெட்டி, தலையில் மெல்லிய காடி போட்டு, சுடவைத்து எண்ணெயில் முக்கிக் கருப்பாக்கிக் கொடுத்தார். ஒரிஜினலைவிட அழகு என்பது என் கட்சி.

இதே மரைக் குழப்பம் ஏர் ரைஃபிள் சிலிண்டரில் காற்று நிரப்பும் இடத்தில் வந்தால் சிரிக்க முடியாது. இங்கிலாந்துக் குழாய் மரையான 1/8 பி.எஸ்.பி. 9.73 மி.மீ., மெட்ரிக் மரையான M10x1 10 மி.மீ. முன்னதைப் பின்னதன் துளையில் வைத்தால் சில சுற்று தொளதொளவென்று ஏறும், பிடித்த மாதிரியே இருக்கும். அதன்மேல் 200 பார், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 90 மடங்கு அழுத்தம், ஏறினால் அடாப்டர் தோட்டாவாகிவிடும். ஆகவே குழு முடிவு இது, மறுபேச்சு கிடையாது: சிலிண்டர், வால்வு, நிரப்பும் அடாப்டர் மூன்றும் கம்பெனிப் பொருள்தான், பட்டறையில் கடையக் கூடாது. சிலிண்டரில் பொறித்த தேதியையும் பாருங்கள், சர்வதேசப் போட்டி விதிப்படி சிலிண்டரின் ஆயுள் அதிகபட்சம் 10 வருஷம். பவரைக் கூட்ட கனமான ஸ்பிரிங் செய்து தரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கும் பதில் "முடியாது" என்பதுதான். 2016 ஆயுத விதிகளில் குண்டு வெளியேறும் சக்திக்கு 20 ஜூல் வரம்பு இருக்கிறது, நம் 10 மீட்டர் டார்கெட்டுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை.

ஓ-ரிங் உள்ளூரிலேயே கிடைக்கிறது. கேட்காவிட்டால் கடைக்காரர் 70 ஷோர் (ரப்பரின் கடினத்தன்மை அளவு) நைட்ரைல் ரப்பர்தான் எடுத்துக் கொடுப்பார். உயர் அழுத்தத்தில் அது இடுக்கில் பிதுங்கிக் கிழியும், 90 ஷோர் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தடவ சிலிக்கான் கிரீஸ் மட்டும். மிஷின் ஆயில் உயர் அழுத்தக் காற்றில் தீப்பிடிக்கும்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே பொன்னான நிமிடங்கள் போய், 575 புள்ளியோடு 12-ஆம் இடத்தில் நின்றார். ஃபைனல் கை நழுவியது இரண்டே புள்ளியில். அதே மனு பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், அது வேறு.

வரும் வருஷம் எல்லா அளவுகளையும் ஒரு நோட்டில் வரைந்து ஆபீஸ் அலமாரியில் வைக்கப்போகிறோம். அளவெடுக்கும் வெர்னியர் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும், பெயர் கொடுங்கள். அப்புறம், சங்கத்து பிட்ச் கேஜை எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும் திருப்பித் தந்துவிடுங்கள், கேள்வி கேட்க மாட்டோம்.

செயலாளர்