மாசிக்காயை உண்டாக்குவது ஒரு குளவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டு மருந்துச் சரக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். மாசிக்காய் பற்றிய பத்தி மட்டும் மனதை உறுத்தியது. அது ஒரு மரத்தின் காய் என்றும், துளை விழுந்தவை பூச்சி அரித்தவை, ஆகவே துளையில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மாசிக்காய் கிடைப்பது ஓக் மரத்தில். ஆனால் அந்த மரத்தின் காய் வேறு; அது சின்னக் கிண்ணத்தில் பொருந்திய கொட்டை. நாம் கைக்குழந்தைக்கு உரைமருந்தில் உரைத்துக் கொடுக்கும் மாசிக்காயோ துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஒருவகை ஓக்கின் இளங்கிளையில் உண்டாகும் புடைப்பு. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குளவி அங்கே முட்டை வைக்கிறது. புழு வளர வளர, மரம் தன் திசுவாலேயே அதைச் சுற்றி உருண்டை கட்டுகிறது. நடுவில் புழு தின்னச் சத்தான திசு. சுற்றிலும் டானின் என்னும் கடுந்துவர்ப்பான பொருள். நல்ல சரக்கில் எடையில் பாதிக்குமேல் டானின்தான். தன்னைத் தின்னும் பூச்சிக்கு மரமே வீடு கட்டிச் சோறும் போடுகிறது! இதைச் சொல்லாமல் விடலாமா?

அந்தத் துளையும் வெளியிலிருந்து அரித்ததல்ல. வளர்ந்த குளவி வெளியேறிய வழி. அது போனபின் டானின் குறைவு. அதனால்தான் சிரியாவின் அலெப்போ நகர வணிகர்கள் துளையில்லாத, கரும்பச்சைச் சரக்கையே உயர்வாக மதித்தார்கள். துளையில்லாததாகப் பார்த்து வாங்க நீங்கள் சொன்னது சரி, காரணம்தான் பிழை.

மாசிக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் வேலம்பிசினும் சேர்த்தால் கறுப்பு மை. ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் இதில் எழுதியது. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதியதும் இந்த வகை மையால்தான்.

இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மல்பீகி இத்தகைய புடைப்புகளுக்குப் பூச்சி முட்டைகளே காரணம் என்று 1679இலேயே எழுதிவிட்டார். இன்றும் நம் பிள்ளைகளுக்கு அதைக் காய் என்றே சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கற்கடகசிங்கி என்னும் மருந்துச் சரக்கும் இப்படிப்பட்ட புடைப்பே, பிஸ்தா இனத்து மரங்களில் அசுவினிப் பூச்சியால் வருவது. நம் தெருப் புங்கமரத்து இலைகளில் முண்டு முண்டாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளின் வேலை. பூச்சியியல் அறிந்த ஒருவரைக் கொண்டு இவற்றைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். மாசிக்காயைக் குறுக்கே வெட்டி எடுத்த படம் ஒன்றும் அதில் அவசியம் இருக்கட்டும். புழு இருந்த அறை அதில் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
தஞ்சாவூர்