பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

மாரண்டஅள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன் செய்தால் ‘மீட்டிங்ல இருக்கேன்ப்பா’ என்கிறாய், அதனால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த முறை பட்டுப்புழு ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது வளர்ப்பு மனைக்குள் ஊசி ஈ புகுந்துவிட்டது. வலைக்கதவை யாரோ சாத்தவில்லை. உன் முதல் சம்பளத்தில் போட்ட கதவு, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புழு மேல் ஈ வைக்கிற முட்டை குண்டூசித் தலையளவுதான். இரண்டு மூன்று நாளில் பொரிந்து, ஈயின் குஞ்சு புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு. பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து வந்தவர் லென்ஸில் காட்டினார். காயத்தை மூடப் புழுவின் உடம்பு திரட்டுவதையே அது குழலாக்கிக்கொண்டு, அதன் வழியாக வெளிக்காற்றை இழுக்கிறதாம். புழுவை உடனே கொல்லாது. புழுவும் ஒன்றும் நடக்காததுபோல இலை தின்றுகொண்டே இருக்கும். பிந்திப் புகுந்ததென்றால் கூடுகூடக் கட்டிவிடும். அந்தக் கூட்டை அது துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் நூல் எடுக்க முடியாது. தர்மபுரி ஏலத்தில் ஓட்டைக் கூட்டை யார் கேட்பார்கள்?

தம்பியை மனதில் வைத்து எழுதவில்லை. அக்கா வீடு, இருக்கட்டும். வேலை ஏதாவது தேடுகிறானா என்று மட்டும் சொல். வாடகையில் ஏதும் தருகிறானா?

ஒட்டிப் பிழைப்பதெல்லாம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. நீ பள்ளிக்கூடம் போகும்போது நம் மல்பெரி முழுக்கப் பப்பாளி மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியதே, மருந்தடித்த இலையைப் புழுவுக்குப் போட முடியாமல் தவித்தோமே. 2010ல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த குட்டிக் குளவிதான் காப்பாற்றியது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கிற ஜாதி. மரவள்ளிக்காரர்களும் அதனால்தான் பிழைத்தார்கள். பூச்சியை அது அடியோடு ஒழிக்கவில்லை. ஒழித்தால் குளவிக்குச் சோறு ஏது? ஊசி ஈக்கும் நெசோலின்க்ஸ் என்று ஒரு குளவி உண்டு, ஈயின் கூட்டுப்புழுவில் முட்டை வைக்கும். மனையில் பை பையாகக் கட்டியிருக்கிறேன்.

போன மாதம் பணம் குறைவாக அனுப்பினாய். அதைக் கேட்கவில்லை, இங்கே ஒன்றும் முட்டுப்பாடு இல்லை. ‘ஒண்ணுமில்லம்மா’ என்று நீ சொன்ன குரல்தான் சரியில்லை என்கிறாள் உன் அம்மா. எனக்கும் அப்படித்தான் பட்டது. சின்ன வயதிலிருந்தே அவன் செய்ததற்கெல்லாம் நீதான் அடி வாங்குவாய், வாயே திறக்கமாட்டாய். இப்போதும் அப்படி இருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புறம், அடுத்த பட்டுப்புழு முட்டை வருவதற்குள் மல்பெரி கவாத்து முடிக்க வேண்டும். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. தம்பியை அனுப்பிவை. நான் கூப்பிட்டதாகச் சொன்னால் வரமாட்டான், அம்மா தேடுகிறாள் என்று சொல். பஸ் காசை அவனே போட்டுக்கொள்ளட்டும்.

அப்பா