ஈசிஜி எடுத்த அந்தப் பெண்ணுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எனக்கு மாரடைப்பு வந்தது உங்களுக்குத் தெரியும். வீடு திரும்பிவிட்டேன். வீட்டுக்குள் நடக்கும்போது இப்போது மூச்சு வாங்குவதில்லை. கை நடுக்கம் நின்றதும் எழுத நினைத்த முதல் கடிதம் இதுதான்.

ஈசிஜி எடுத்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்த இடம் அது. மேலாடையைத் தளர்த்த வேண்டும் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். திரையை இழுத்து மூடி, ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, அதற்குள்ளேயே கைவிட்டு வயர்களைப் பொருத்தினாள். "இப்ப சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றாள். தாடை இழுப்பது, முதுகின் மேல்பக்கம் கனப்பது, குமட்டல் என்று அத்தனை பேர் முன்னால் வாயில் வராததெல்லாம் அவளிடம் வந்துவிட்டது.

அப்புறம் அவள் கேட்டதுதான் முக்கியம்: "மாசமா இருந்தப்ப பிரஷர் ஏறுச்சா?"

ஏறியது. என் மகள் குறைமாதத்தில் பிறந்ததே அதனால்தான். பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பை அது கூட்டும் என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. அப்படியும் அவள் நான் சொன்னதையெல்லாம் டாக்டரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னாள். மாரடைப்பு இருந்தும் முதல் ஈசிஜி சரியாக வருவது உண்டாம். அதனால் திரும்பவும் ஈசிஜி எடுத்தார்கள், இடைவெளி விட்டு இரண்டு முறை ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தார்கள் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம் அது). இரண்டாவதில் அளவு ஏறியிருந்தது.

அந்தப் போர்வை இல்லையென்றால் நான் வாய் திறந்திருப்பேனா என்று இன்னும் யோசிக்கிறேன். கூச்சத்தால் பேசாமல் படுத்திருக்கும் பெண்கள் எத்தனை பேரோ! உலகில் இறக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இதய, ரத்தநாள நோய்களால்தான் இறக்கிறார். நெஞ்சுவலி நமக்கும் வரும். ஆனால் தாடை, முதுகு, மூச்சுத்திணறல், காரணமே இல்லாத அசதி என்றும் மாரடைப்பு தன்னைக் காட்டும்.

அடைப்பை நீக்கிய டாக்டர்களுக்கும், இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸ்களுக்கும், வண்டி ஓட்டியவருக்கும், சமைத்துக் கொடுத்தவர்களுக்கும், தினமும் விசாரித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாகச் சொல்ல இன்னும் தெம்பு வரவில்லை.

மாத்திரைகளை விடமாட்டேன். இதயநோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதில் பெண்கள் குறைவாகத்தான் சேர்கிறார்களாம். வீட்டு வேலை என்று சொல்லி நான் பாதியில் நிற்கமாட்டேன். மகளுக்குக் கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தது, அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம்தான். இந்த வாரமே அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். அக்கா, தங்கைகளே, நீங்களும் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தோழி